லோரிஸ் கேட்ட மன்னிப்புகள்

பதினாறு வருஷம், பதிமூன்று கிளப், ஐம்பத்தெட்டு கோல். லோரிஸ் பியெர்சாந்தி என்கிற மகானுபாவனின் பந்தாட்ட வாழ்க்கை மொத்தமே இவ்வளவுதான். அந்த ஐம்பத்தெட்டில் இருபத்துமூன்று கோலுக்கு அவன் சிரிக்கவே இல்லை. முன்னொரு காலத்தில் தான் ஆடிய கிளப்புக்கு எதிராகக் கோல் போட்டால் குதிக்கக் கூடாது, கூத்தாடக் கூடாது, இரண்டு கையையும் தூக்கி, தலையைக் குனிந்து, 'மன்னிச்சிருங்க' என்று நிற்க வேண்டும் என்பது எங்கள் நாட்டு ஆட்டக்காரர்களின் வழக்கம். நல்ல வழக்கம்தான், யார் இல்லையென்றது? பத்து வருஷம் ஒரே சட்டையைப் போட்டு, அந்த ஊரிலேயே பெண் கட்டி, அந்த ஊர்ச் சாப்பாட்டில் தொப்பை வளர்த்தவன் அப்படி நின்றால் பார்க்கிறவர்களுக்கும் தொண்டை அடைக்கும். நாலு மாசம் ஆடிவிட்டு, அதிலும் ஆறு வாரம் முழங்காலில் ஐஸ் கட்டிக்கொண்டு படுத்துக் கிடந்தவன் நின்றால் என்ன சொல்வது?

லோரிஸ் நிற்பான். சும்மாவும் நிற்க மாட்டான். உதட்டைக் கடிப்பான், கண்ணை மூடுவான், வலது கையை நெஞ்சில் வைப்பான், கட்டிப்பிடிக்க ஓடிவரும் கூட்டாளிகளைத் துக்க வீட்டில் சத்தம் போடாதீர்கள் என்பதுபோலத் தள்ளிவிடுவான். சம்பளப் பந்தாட்டத்தின் கடைசிப் படியிலேயே காலமெல்லாம் உருண்டவனுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒருமுறை ஏதாவது ஒரு பழைய கிளப் எதிரே வந்துவிடும். அவனுக்கு அது தண்டனையில்லை, திருவிழா.

எங்கள் கஸ்தெல்மாரா கிளப்பில் சட்டை துவைத்து, பூட்ஸ் துடைத்து, பந்துக்குக் காற்றடிக்கிற கிழவர் செஸ்தோ. லோரிஸைப் பதினைந்து வயதிலிருந்து பார்த்தவர். அவர் ஒருநாள் எல்லோர் முன்னாலும் கேட்டார்:

"டேய் லோரிஸ், நீ ஆடாத கிளப்பு ஒண்ணாவது நாட்டுல பாக்கி இருக்காடா? இருந்தா சொல்லு, அன்னைக்காவது உன் பல்லு எத்தனைன்னு எண்ணிப் பாத்துக்கறோம்."

எல்லோரும் சிரித்தார்கள். லோரிஸ் மட்டும் சிரிக்கவில்லை. இது மரியாதை சம்பந்தப்பட்ட விஷயம், துணி துவைக்கிறவர்களுக்குப் புரியாது என்றான். மரியாதையாம், மரியாதை! செஸ்தோ அன்று அவனுடைய காலுறையை மட்டும் ஈரத்தோடு பைக்குள் வைத்தார். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

இந்த மரியாதைக்கு விலை கொடுத்தவள் அவன் மனைவி மௌரா. தொடக்கப்பள்ளி டீச்சர். எங்கள் ஊர்ப் பெண்தான், துறைமுகத்துக்குப் பின்னால் வலை ரிப்பேர் செய்கிறவரின் மகள். லோரிஸுக்குக் கழுத்துவரை முடி இருந்த காலத்தில் கட்டிக்கொண்டாள். அந்த முடிக்காகத்தான் கட்டிக்கொண்டேன் என்று அவளே பிற்பாடு சொல்லியிருக்கிறாள். முடி நாலு வருஷத்தில் போய்விட்டது.

டீச்சர்களுக்கு நிரந்தர வேலை கிடைப்பது எங்கள் நாட்டில் லேசுப்பட்ட காரியமில்லை. வரிசைப் பட்டியல் என்று ஒன்று உண்டு. பட்டியலின் வாலில் பெயரை எழுதிவிட்டு, யாருக்கோ காய்ச்சல் வந்தால், யாரோ பிள்ளை பெற்றால், அந்த வகுப்புக்குப் போய்ப் பாடம் நடத்தி, வருஷம் வருஷமாக ஒவ்வொரு படியாக மேலே ஏற வேண்டும். மௌரா ஏறுவாள். நடுப்பட்டியலுக்கு வருவாள். ஜூலை மாசம் லோரிஸ் போனை வைத்துவிட்டு, "நம்மள ஆசைப்பட்டுக் கூப்பிடறாங்க மௌரா," என்பான். வேற மாகாணம், வேற பட்டியல், மறுபடியும் வால். தட்டுமுட்டுச் சாமானைக் காகிதத்தில் சுற்றுவாள். அவன் மட்டும் போயிருக்கலாம், அவள் இருந்திருக்கலாம் என்பீர்கள். அவளும் அப்படிச் சொல்லிப் பார்த்தாள். தனியாக இருந்தால் தூக்கம் வராது, தூக்கம் வராவிட்டால் கோல் வராது என்றான். கூட இருந்தபோது மட்டும் என்னத்தைக் கோல் வந்தது!

மகள் ஈலேனியா பிறந்த கதை இன்னும் கண்றாவி. சனிக்கிழமை காலை வலி எடுத்தது. லோரிஸ் மறுநாள் ஆட்டத்துக்காகக் குழுவோடு ஓட்டலில் அடைந்து கிடந்தான். வர முடியாது, ஆனால் நாளைக்கு ஒரு கோல் போட்டு, பந்தைச் சட்டைக்குள் வயிறு மாதிரி வைத்துக்கொண்டு, குழந்தைக்கு என்று உலகத்துக்கே காட்டுவேன் என்று சத்தியம் பண்ணினான். ஆஸ்பத்திரியில் நர்சுகள் ரேடியோவைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். கோலும் போட்டான். யாருக்கு எதிராக என்கிறீர்கள்? மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு குளிர்காலம் முழுக்கப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த கிளப்புக்கு எதிராக. பியெர்சாந்தி கொண்டாடவில்லை, கையைத் தூக்கி மன்னிப்புக் கேட்கிறார் என்று ரேடியோக்காரன் சொன்னான். ஒரு நர்ஸ், ஐயோ பாவம் என்று ரேடியோவை அணைத்தாள். சாயங்காலம் லோரிஸ் போன் பண்ணி, உனக்கு விளங்கும் மௌரா, அந்த ஊர்க்காரர்கள் என்னை எப்படி வைத்திருந்தார்கள் தெரியுமா என்று தழுதழுத்தான். அந்த ஊர்க்காரர்கள் அவனை எப்படி வைத்திருந்தார்கள் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். பெஞ்சில் வைத்திருந்தார்கள்.

முப்பத்தாறு வயதில் அவனைக் கூப்பிட ஆளில்லாமல் போனது. முழங்கால் இரண்டும் துருப்பிடித்த கீல் மாதிரி சத்தம் போட்டன. அப்போதுதான் சொந்த ஊர் கிளப் கூப்பிட்டது. தலைவர் எலியோ தொம்பாரி, செருப்புக்கு அடித்தோல் செய்கிற தொழிற்சாலைக்காரர், வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிற மனுஷன். ஒரு வருஷம் ஆடு, கிளப் இந்தப் பிரிவிலேயே தங்கினால் அடுத்த வருஷத்திலிருந்து நம்முடைய இளைஞர் குழுவுக்கு நீதான் கோச், மூன்று வருஷத்துக்குக் கையெழுத்து என்றார். அதே செப்டம்பரில் மௌராவுக்குப் பட்டியலின் உச்சி கிடைத்தது. கஸ்தெல்மாரா பள்ளியில், துறைமுகத் தெருவில், நிரந்தர வேலை. காகிதத்தைக் கையில் வாங்கிக்கொண்டு வெளியே வந்தவள் பள்ளிக்கூடப் படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

ஆக, கணக்கு நேரானது. கிளப் தப்பித்தால் லோரிஸ் ஊரில் இருப்பான், வீடு வீடாக இருக்கும். கிளப் கீழே விழுந்தால் அவன் வேறெங்காவது ஓடுவான், அவள் வேலையா புருஷனா என்று நிற்க வேண்டும். மௌராவுக்கு வேலையை விடுகிற எண்ணம் துளியும் இல்லை. அதனாலேயே அவளுக்குப் பயமாக இருந்தது.

கிளப்பும் லேசில் தப்பிக்கவில்லை. வருஷக் கடைசியில் விழப்போகிற இரண்டு கிளப்பை மோதவிட்டு ஒன்றைத் தள்ளுகிற ஆட்டத்துக்கு வந்து நின்றது. இரண்டு ஆட்டம், அங்கே ஒன்று, இங்கே ஒன்று. எதிரே வால்தோரா. ஆமாம், லோரிஸ் நாலு மாசம் ஆடி, அதில் ஆறு வாரம் ஐஸ் கட்டிய அதே வால்தோராதான். அங்கே நடந்த ஆட்டத்தில் ஒன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றுத் திரும்பினார்கள். வருஷம் முழுக்க எங்களுக்கு இரண்டு புள்ளி கூட இருந்ததால், ஊரில் நடக்கிற ஆட்டத்தை ஒரு கோலில் ஜெயித்தாலே போதும், நாங்கள் தங்குவோம், அவர்கள் போவார்கள்.

அந்த வாரம் வியாழக்கிழமை மௌரா ஆலிவ் காய்க்குள் கறி அடைத்து, மாவில் புரட்டிப் பொரித்து வைத்தாள். அவனுக்குப் பிடித்தது. மூன்றாவது தட்டு முடிந்ததும் மெதுவாகச் சொன்னாள்:

"லோரிஸ், ஞாயித்துக்கிழமை ஒருவேளை நீ கோல் போட்டா, எனக்காக ஒண்ணே ஒண்ணு செய்யி. ஒண்ணும் செய்யாத. திரும்பி நடு மைதானத்துக்கு ஓடி வந்துரு. அவ்வளவுதான்."

அவன் முள்கரண்டியைக் கீழே வைத்தான். "நீ என்னை ஒரு நன்றி கெட்டவனா இருக்கச் சொல்ற."

"நாலு மாசம்டா அது."

"மாசக் கணக்குல பாசத்தை அளக்க முடியாது, மௌரா."

அவள் தட்டுகளை எடுத்து அடுக்கினாள். இந்த மனுஷனோடு பதிமூன்று வீட்டில் இருந்தவள். அவற்றில் ஒரு வீட்டின் கதவு நிறத்தைக்கூட அவனால் சொல்ல முடியாது. பாசமாம்!

ஞாயிற்றுக்கிழமை ஊரே மைதானத்தில் இருந்தது. ஜூன் மாச வெயில். வடக்குக் கேலரியில் மீன் விற்கிற வெனான்சியோ தலைமையில் பசங்கள் மேளம் அடித்தார்கள். தெற்கு மூலையில், எதிர் ஊர்க்காரர்களை அடைக்கிற கம்பிவேலிக் கூண்டில், வால்தோராவிலிருந்து வந்த முந்நூறு பேர். மௌரா நடு வரிசையில், மடியில் கைப்பை, கைப்பை மேல் இரண்டு கை. ஈலேனியா பள்ளித் தோழிகளோடு வேறெங்கோ உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு வயதுப் பெண், அப்பா ஆட்டத்தை அம்மாவோடு சேர்ந்து பார்ப்பதில்லை என்று முடிவெடுத்து இரண்டு வருஷம் ஆகிறது.

இருபதாவது நிமிஷம் லோரிஸ் கோட்டோரத்தில் கொடி பிடித்தவரைப் பார்த்துக் கத்தி ஒரு மஞ்சள் அட்டை வாங்கினான். மற்றபடி ஒரு பந்தையும் உருப்படியாகத் தொடவில்லை. கோச் அவனை மாற்றப் போகிறார் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்த எழுபத்தெட்டாவது நிமிஷம், மூலையிலிருந்து வந்த பந்து யாருடைய முதுகிலோ பட்டு அவன் முன்னால் விழுந்தது. விழுந்த பந்தை அவன் முழங்காலால் தள்ளினான். அதே துருப்பிடித்த முழங்கால். கோல்.

ஊர் வெடித்தது. முன்பின் தெரியாத ஒரு கிழவி மௌராவைப் பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். மௌரா கிழவியின் தோளுக்கு மேலாக மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடி வா, ஓடி வா என்று மனசுக்குள் சொன்னாள். சத்தமாகவே சொல்லியிருக்கலாம், அந்த இரைச்சலில் யார் காதில் விழப்போகிறது.

லோரிஸ் ஓடத்தான் செய்தான், ஆனால் தெற்குப் பக்கமாக. கையைத் தூக்கினான். நெஞ்சில் வைத்தான். அணைக்க வந்த மூன்று பேரைத் தள்ளினான். விளம்பரப் பலகையைத் தாண்டினான். வால்தோராக்காரர்கள் கூண்டுக்குள்ளிருந்து அவனுடைய அம்மாவைப் பற்றியும் அக்காவைப் பற்றியும் வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தன் வருத்தம் பின்வரிசைக்குத் தெரியவில்லை என்று நினைத்தானோ என்னவோ, கம்பிவேலியில் கால் வைத்து இரண்டு படி ஏறி, தொங்கிக்கொண்டே தலையைக் குனிந்தான்.

நடுவர் வடக்கே லிகூரியா மாகாணத்துக்காரர், மெலிந்த ஆள், சட்டத்தை நெட்டுருப் போட்டவர். நிதானமாக நடந்து போனார். மஞ்சள் அட்டையைக் காட்டினார், இரண்டாவது மஞ்சள் என்பதால் உடனே சிவப்பையும் காட்டினார். அங்கே நடந்த பேச்சைப் பக்கத்தில் நின்ற எங்கள் ஆட்கள் மறுநாள் சொன்னார்கள்.

"சார், நான் கொண்டாடலை," என்றானாம் லோரிஸ். "மன்னிப்புக் கேட்டேன்."

"வேலியில ஏறினீங்க."

"வருத்தத்துல ஏறினேன் சார்."

"வருத்தத்துல ஏறினா பரவாயில்லைன்னு விதியில எழுதலை," என்றாராம் நடுவர். "இறங்குங்க."

பத்துப் பேர். பன்னிரண்டு நிமிஷம். எங்கள் பசங்கள் உயிரைக் கொடுத்துத் தடுத்தார்கள், அதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது. எண்பத்தொன்பதாவது நிமிஷம் மூலையிலிருந்து பந்து வந்தது. அந்த மாதிரிப் பந்துக்கு முதல் கம்பத்தில் நின்று தலையால் தள்ளுகிற வேலை வருஷம் முழுக்க லோரிஸுடையது. உயரமானவன், அந்த ஒன்றுக்காவது உதவினான். அன்று முதல் கம்பத்தில் யாரும் இல்லை. வால்தோராக்காரன் குனிந்து, சௌகரியமாக, தலையைக் கொடுத்தான். ஒன்றுக்கு ஒன்று, அவர்கள் தங்கினார்கள், நாங்கள் போனோம்.

மௌரா ஆட்டம் முடிகிறவரை உட்கார்ந்திருந்தாள். முத்தம் கொடுத்த கிழவி அவள் யார் பெண்டாட்டி என்பதை அதற்குள் தெரிந்துகொண்டு நாலு இருக்கை தள்ளிப் போய்விட்டாள்.

தோற்றால் ஆட்டக்காரர்கள் சொந்தக் கேலரிக்குக் கீழே போய் நிற்க வேண்டும், இது எழுதாத சட்டம். திட்டுவார்கள், சட்டையைக் கழற்றிக் கொடு என்பார்கள், சிலர் அழுவார்கள். கால் மணி நேரம் பொறுத்துக்கொண்டால் முடிந்தது, திங்கட்கிழமை அவனவன் காப்பிக் கடையில் தோளோடு தோள் நிற்பான். பத்துப் பேரும் போய் நின்றார்கள். கோச் நின்றார். மாற்று ஆட்டக்காரர்கள் நின்றார்கள். "லோரிஸ் எங்கே?" என்று கேலரி கேட்டது. லோரிஸ் அழுக்குச் சட்டை மூட்டைகளுக்கு நடுவில், செஸ்தோவின் வண்டியில், பின்கேட் வழியாகப் போய்க்கொண்டிருந்தான். நாட்டில் பாதி ஊரிடம் மன்னிப்புக் கேட்டவன், சொந்த ஊர் கூப்பிட்டபோது உள்ளாடை மூட்டைக்கு அடியில் ஒளிந்துகொண்டான். பாவம் செஸ்தோ, ஐம்பது வருஷத்தில் அப்படி ஒரு அழுக்கைத் தான் ஏற்றியதில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

மௌரா நடந்து வீட்டுக்கு வந்தபோது அவன் குளித்துவிட்டு, காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நிமிர்ந்து பார்த்துக் கேட்டான்:

"வால்தோராக்காரங்கள்ல கொஞ்சம் பேரு கை தட்டினாங்க, கவனிச்சியா?"

அவள் கைப்பையைக் கீழே வைத்தாள். சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் ஓடுகிற சத்தத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். கோபம் என்றுகூட அதைச் சொல்ல முடியாது, வெறும் அருவருப்பு. தட்டில் வைத்த சோற்றில் முடி கிடந்தால் வருமே, அது.

செவ்வாய்க்கிழமை அவள் மீன் வாங்கப் போனாள். போகாமல் இருக்கலாம் என்று தோன்றியது, அப்புறம் நான் ஏன் ஒளிய வேண்டும் என்று போனாள். கேலரித் தலைவன் வெனான்சியோ அவளுக்கு வழக்கமான மீனையே நிறுத்தான்.

"டீச்சர், உங்க மேல எங்களுக்கு ஒண்ணும் இல்ல," என்றான். "அவனை வரச் சொல்லுங்க. வந்து நின்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். ஒரு அடி விழாது, நான் பொறுப்பு. கெட்ட வார்த்தை விழும், அதுக்கு நான் பொறுப்பில்ல."

அன்று மாலையே தலைவர் தொம்பாரி வீட்டுக்கு வந்தார். லோரிஸ் முழங்காலுக்கு மருந்து தேய்க்க மருத்துவரிடம் போயிருந்தான். தலைவர் உட்காரவில்லை. உங்கள் புருஷனைப் பார்க்க வரவில்லை, உங்களைத்தான் பார்க்க வந்தேன், என் பேரன் உங்கள் வகுப்பில்தான் வாசிக்கக் கற்றுக்கொண்டான் என்றார். கிளப் கீழே போனாலும் இளைஞர் குழுவை மூடப் போவதில்லை. கோச் வேலை இன்னும் இருக்கிறது. நியாயமாகப் பார்த்தால் அவனுக்குக் கொடுக்கக் கூடாது, உங்களுக்காகக் கொடுக்கிறேன். ஆனால் கேலரிக்காரர்கள் முன்னால் அவன் வந்து நிற்காவிட்டால் எந்தப் பெற்றவனும் பிள்ளையை அவனிடம் அனுப்ப மாட்டான். சனிக்கிழமைக்குள் வரட்டும். 'தப்புப் பண்ணிட்டேன்', இரண்டே சொல். அதைச் சொல்லிவிட்டு அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார்.

அவர் தெருமுனை திரும்புகிறவரை மௌரா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். எல்லாம் போயிற்று என்று நினைத்த பிறகு கதவு மறுபடி திறக்கிறது. அதுவும் எவ்வளவு சின்ன விலைக்கு! இந்த ஆளுக்கு உலகத்தில் தெரிந்த ஒரே வித்தை மன்னிப்புக் கேட்பதுதான். இருபத்துமூன்று முறை ஒத்திகை பார்த்தவன். இருபத்துநாலாவதை உண்மையாகச் செய்ய வேண்டும், அவ்வளவுதானே.

லோரிஸ் வந்ததும் சொன்னாள். அவன் பொறுமையாகக் கேட்டான். கேட்டுவிட்டு, "எதுக்கு?" என்றான்.

எதற்கு என்று அவள் விளக்கினாள். வேலியில் ஏறியதற்கு. அவன் இல்லாத முதல் கம்பத்துக்கு. வண்டியில் ஒளிந்து போனதற்கு. ஊர் விழுந்ததற்கு.

"கோல் போட்டதே நான்தான்," என்றான் லோரிஸ். "என் கோலுக்கு அவங்க எனக்கு நன்றி சொல்லணும். தப்பு நடுவர் மேல. தடுக்கத் தெரியாதவனுங்க மேல. நான் செஞ்சது ஒரு மரியாதை. மரியாதைக்கு எவனாவது மன்னிப்புக் கேப்பானா?"

அவள் விடவில்லை. புதன் கேட்டாள், வியாழன் கேட்டாள். கெஞ்சினாள் என்றே சொல்ல வேண்டும், அவள் வாழ்க்கையில் அதைச் செய்ததில்லை. இந்த வீடு, ஈலேனியாவின் பள்ளி, என் வேலை, எல்லாம் உன் வாயிலிருந்து வருகிற அந்த இரண்டு சொல்லில் இருக்கிறது என்றாள். மனசில் இல்லாததை வாயால் சொல்கிற ஆள் தானில்லை என்றான் அவன். நாலு மாச வால்தோராவுக்காக வேலியில் தொங்கினவன் சொல்கிறான் இதை!

வெள்ளிக்கிழமை போன் வந்தது. வால்தோராவிலிருந்து. அதற்கு முன்னாலேயே லோரிஸ் பேப்பரிலிருந்து ஒரு படத்தை வெட்டி வைத்திருந்தான். அந்த ஊர்க் கேலரிக்காரர்கள் மெயின் ரோட்டுப் பாலத்தில் படுக்கைவிரிப்பு அளவுக்குத் துணி கட்டி, 'லோரிஸ், நீ எங்கள் ஆள்' என்று எழுதியிருந்தார்கள். எதிரி முட்டாள்தனம் பண்ணி நம்மைக் காப்பாற்றினால் அப்படி எழுதித் தொங்கவிடுவது எங்கள் நாட்டுக் கேலரிகளின் பழைய கிண்டல். வாயில் பால்பல் இருக்கிற குழந்தைக்கும் அது கிண்டல் என்று தெரியும். லோரிஸ் அதை இரண்டாக மடித்துப் பர்சில் வைத்துக்கொண்டான். பார், நாலு மாசம் என்றாயே, அவர்கள் மறக்கவில்லை பார் என்று மௌராவிடம் காட்டினான். அவள் படத்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். கிண்டல் என்று சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தாள். சொல்லவில்லை. சொன்னால் நம்ப மாட்டான், நம்பினாலும் அது வால்தோராவின் தப்பாக இருக்காது, அவளுடைய தப்பாகத்தான் இருக்கும்.

வால்தோராவின் தலைவருக்கு லோரிஸின் முழங்கால் தேவையில்லை. அவனைக் காட்டினால் சீட்டு விற்கும், அவ்வளவுதான். ஒரு வருஷக் கையெழுத்து. மூன்று வருஷக் கோச் வேலையைச் சனிக்கிழமையோடு கைகழுவிவிட்டு, ஒரு வருஷம் பெஞ்சில் உட்காரப் புறப்பட்டான் எங்கள் வீரன்.

தொம்பாரி அந்த வேலையை வேறொருவருக்குக் கொடுத்தார். நல்ல மனுஷர், அவரைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை.

ஜூலை ஏழாம் தேதி காலை லோரிஸ் இரண்டு பையைக் காரில் ஏற்றினான். முதலில் தான் போய் வீடு பார்ப்பதாகவும், பார்த்ததும் கூப்பிடுவதாகவும், அவள் வழக்கம்போலச் சாமானைக் கட்டிக்கொண்டு வரலாம் என்றும் சொல்லியிருந்தான். அந்த ஊர்ப் பள்ளிக்கூடங்களிலும் யாருக்காவது காய்ச்சல் வரும், கவலைப்படாதே என்றும் சொன்னான். அவள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஈலேனியா கடற்கரைக்குப் போயிருந்தாள். அப்பா கிளம்புகிற நாள் என்று அவளுக்குத் தெரியும்.

வாசலில் வந்து நின்றபோது அவனுக்கே ஏதோ சரியில்லை என்று பட்டிருக்க வேண்டும். மௌரா அழவில்லை, சண்டை போடவில்லை, வழிக்கு ரொட்டி கட்டிக் கொடுக்கவும் இல்லை.

"மௌரா, எங்கிட்ட ஏதாவது சொல்லணுமா?" என்றான்.

"நீ எங்கிட்ட ஏதாவது சொல்லணுமா?"

அவன் யோசித்தான். நெற்றியைச் சுருக்கி, தரையைப் பார்த்து, உண்மையாகவே யோசித்தான். பதினாறு வருஷத்தில் அவன் அவளுக்காக இவ்வளவு நேரம் யோசித்ததை அவள் பார்த்ததில்லை.

"இல்லையே," என்றான் கடைசியில். "ஏன்? நான் உனக்கு என்ன குறை வெச்சேன்?"

மௌராவிடம் பதில் இருந்தது. பதிமூன்று வீட்டின் பதில், பட்டியலின் வாலுக்குப் போய் நின்ற ஒவ்வொரு செப்டம்பரின் பதில், ஆஸ்பத்திரி ரேடியோவின் பதில். எல்லாம் தொண்டைவரை வந்தது. அப்போது அவன் முகத்தைப் பார்த்தாள். அதில் கள்ளம் ஒரு பொட்டுக்கூட இல்லை. அந்த மனுஷன் நிஜமாகவே கேட்கிறான். அவனுக்குத் தெரியவே தெரியாது. சொன்னாலும் அது போய் விழ அங்கே இடம் இல்லை. வந்த பதிலெல்லாம் அப்படியே இறங்கிப் போயிற்று, கூடவே பயமும் போயிற்று.

"வீட்டுச் சாவியை வெச்சிட்டுப் போ," என்றாள்.

"ஆமாம்ல, வெந்நீர்க் கொதிகலன் ரிப்பேர் பாக்க ஆள் வந்தா சாவி வேணுமே," என்றான் லோரிஸ். "நல்லவேளை ஞாபகப்படுத்தின."

வளையத்திலிருந்து சாவியைக் கழற்றிச் செருப்பு அலமாரி மேல் வைத்தான். அவளுடைய இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தான். கார் தெருமுனையில் திரும்பும்போது இரண்டு முறை ஹாரன் அடித்தான், கண்ணாடி வழியாகக் கையையும் ஆட்டினான்.

மௌரா கதவைச் சாத்தினாள். கொதிகலனுக்கு ஒரு கேடும் இல்லை. அது நன்றாகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது.